பீரோக்களுக்கு அந்தப் பக்கம்

2 நவம்பர் 1981, திங்கள்

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். இன்று காலை பதினொன்றேகால் மணிக்கு, ஆபீஸ் நேரத்தில், இரண்டு இரும்பு பீரோக்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டேன். தலையும் ஒரு தோளும் அந்தப் பக்கம். மீதி ரூஃபஸ் இந்தப் பக்கம். நடுவில் தொந்தி.

இந்த நோட்டுக்கு எங்கள் ஹாலைத் தெரியாது, சொல்லிவைக்கிறேன். ஒரே நீள ஹால். நடுவில் ஒன்பது பீரோ வரிசையாக நின்று அதை இரண்டாக்குகிறது. இந்தப் பக்கம் கொள்முதல் ஒன்று. அதற்கு மேனேஜர் நான், எனக்குக் கீழே ஆறு பேர். அந்தப் பக்கம் கொள்முதல் இரண்டு. அதற்கு நாராயணஸ்வாமி, அவருக்கும் ஆறு பேர். தொழிற்சாலைக்கு வேண்டிய ஆணியிலிருந்து அரவை எந்திரம் வரை வாங்கித் தருவதுதான் எங்கள் இரண்டு பேர் பிழைப்பும்.

நான் ஏன் அங்கே தலையை விட்டேன்? சிரிப்புச் சத்தம். தினமும் பதினோரு மணிவாக்கில் அந்தப் பக்கமிருந்து வருகிறது. அந்த மனிதர் வாழ்நாளில் ஒரு ஜோக் சொல்லி நான் கேட்டதில்லை. ஆண்டு விழாவுக்கு நாடகம் எழுதுகிறவன் நான். ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்து ஆபீஸையே சிரிக்க வைக்கிறவன் நான். சிரிப்பு மட்டும் அங்கேயிருந்து வந்தால் மனுஷனுக்கு எப்படியிருக்கும்?

பியூன் பெருமாள் என் பெல்ட்டைப் பிடித்துப் பின்பக்கமாக இழுத்துக் காப்பாற்றினான். அதற்குள் அந்தப் பக்கத்து ஆறு பேரும் பார்த்துவிட்டார்கள். நாராயணஸ்வாமி எழுந்து வந்து என் முகத்துக்கு நேரே குனிந்தார். "என்ன மிஸ்டர் ரூஃபஸ், ஃபைல் ஏதாவது உள்ளே விழுந்துடுத்தா?"

சிரிக்கவில்லை. அதுதான் எரிகிறது. நானாக இருந்தால் ஒரு வாரத்துக்கு வைத்துச் சிரித்திருப்பேன்.

3 நவம்பர்

என் சட்டைப் பொத்தான் ஒன்று அந்தப் பக்கம் விழுந்திருக்கிறது. அதை ஆபீஸ் உறையில் போட்டு, என் பெயரை எழுதி, பெருமாளிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார். கேலியாக ஒரு வரியாவது இருக்குமென்று உறையை உதறிப் பார்த்தேன். பொத்தான் மட்டும்தான்.

6 நவம்பர், வெள்ளி

ஜி.எம். அறை வாசலில் மாதாந்தரப் பட்டியல் ஒட்டிவிட்டார்கள். முடியாமல் கிடக்கும் ஃபைல்கள்: கொள்முதல் இரண்டில் 11. கொள்முதல் ஒன்றில் 64. என் பெயருக்கு எதிரே யாரோ பென்சிலால் ஒரு ஆமை வரைந்திருக்கிறார்கள். நன்றாகவே வரைந்திருக்கிறார்கள்.

வேலை ஒன்றுதான், ஆட்கள் எண்ணிக்கையும் ஒன்றுதான். இன்னும் சொன்னால், அவருடைய டைப்பிஸ்ட் கனகமணி ஆகஸ்ட் வரை என்னுடைய டைப்பிஸ்ட். நாலு காப்பி கார்பன் வைத்து ஆர்டர் அடிக்க வேண்டும். ஒரு எழுத்து தப்பினால் நாலு தாளிலும் ரப்பரால் அழிக்க வேண்டும். அந்தப் பெண் அழித்து அழித்துத் தாளையே ஓட்டையாக்குவாள். 'ரப்பர் மணி' என்று பெயர் வைத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள் என்றுதான் ஞாபகம். மாற்றல் கேட்டு எழுதிக்கொடுத்தபோது, தொல்லை பீரோவைத் தாண்டிப் போகிறதே என்று சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன்.

இன்று ஜி.எம். மேஜையில் அவள் அடித்த ஆர்டர் ஒன்று. மூன்று பக்கம். யாரும் பார்க்காதபோது ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அழித்த இடம் ஒன்றுகூட இல்லை. கரகரக்கிறது என்று நாம் தள்ளிவிட்ட ரேடியோ பக்கத்து வீட்டில் போய்த் தெளிவாகப் பாடுகிறது.

19 நவம்பர், வியாழன்

ஜி.எம். கூட்டம். இரண்டரை வருஷமாக எனக்கும் நாராயணஸ்வாமிக்கும் அடுத்தடுத்த நாற்காலிதான். வழக்கம்போல அவர் பக்கம் சாய்ந்து காதோடு ஒன்று விட்டேன்: "உங்க ஆட்களுக்கு டீயில என்ன கலந்து கொடுக்கீங்க சாமி? சபையில பிரசங்கத்துக்கு முன்னால எனக்கும் கொஞ்சம் வேணும்." மரியாதையாகத் தலையாட்டிச் சிரித்துக்கொண்டார். போன மாதம் இதைவிட மோசமாகச் சொன்னேன். அதற்கும் தலையாட்டினார். சொரணை என்பது கிடையாதா? அல்லது பெரிய ஞானியா? இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை.

அப்புறம்தான் குண்டு. வருகிற ஏப்ரல் ஒன்றாம் தேதி முதல் இரண்டு பிரிவும் ஒன்றாகிறது. பீரோக்கள் நகர்த்தப்படும். தலைமை ஒருவருக்கு. மற்றவருக்கு, பீகாரில் புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கும் யூனிட்.

அல்வாலில் வீடு கட்டிப் பால் காய்ச்சி இன்னும் இரண்டு வருஷம் ஆகவில்லை. என் மனைவி மெட்டில்டாவுக்கு செகந்திராபாத்தில் டீச்சர் வேலை. நான் பீகாரில் யாரைச் சிரிக்க வைப்பேன்?

20 நவம்பர்

மெட்டில்டாவிடம் சொன்னேன். "சிரிப்புக் காட்டுறத விட்டுட்டு வேலையப் பாருங்க" என்றாள். அவ்வளவுதான் அனுதாபம்.

2 டிசம்பர், புதன்

பெருமாளை ஒற்றனாக்கினேன். இரண்டு பக்கத்துக்கும் அவன்தான் பியூன். எல்லை தாண்ட அனுமதி உள்ளவன். கான்டீனில் டீயும் உஸ்மானியா பிஸ்கட்டும் வாங்கிக் கொடுத்து, அந்த ஆள் அப்படி என்னதான் செய்கிறார் என்று கேட்டேன்.

"ஒண்ணும் செய்றதில்ல சார். ஃபைல எடுத்துக்கினு அவரே எழுந்து வர்றாரு. பக்கத்துல ஸ்டூல் போட்டுக் குந்திக்கிறாரு. மூஞ்சியவே பாக்குறாரு. இவங்க சொல்லி முடிச்சா, இன்னொரு தபா சொல்லுங்கன்றாரு. அப்பால இவங்க சொன்னதையே இவங்களுக்குத் திருப்பிச் சொல்றாரு."

போனில் கூப்பிட மாட்டாரா என்றேன்.

"நக்கோ சார். போனத் தொடவே மாட்டாரு. அடிச்சா கனகமணியம்மாதான் எடுக்கும்."

சிரிப்பு? அதற்கும் பதில் வைத்திருந்தான். நேற்று அந்தப் பக்கத்துக் குமாஸ்தா சக்ரபாணி நூறு கேஸ்கெட் வாங்க வேண்டும் என்றாராம். இவர், "நூறு பிஸ்கட்டா? யாருக்கு?" என்றாராம். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். அவரும் சேர்ந்து சிரித்தாராம்.

கேஸ்கெட், பிஸ்கட். பதினாறு வருஷமாகக் கேஸ்கெட் வாங்குகிறேன், எனக்குத் தோன்றவில்லையே! முகத்தை மரக்கட்டை மாதிரி வைத்துக்கொண்டு இப்படி ஒன்றை விடுவது சாதாரண வித்தையா? ஆக, மனிதர் ரகசிய நகைச்சுவையாளர். ரகசியமாக ஏதோ மேனேஜ்மென்ட் பயிற்சிக்கும் போய் வந்திருக்கிறார். அந்த 'இன்னொரு தடவை சொல்லுங்கள்' எல்லாம் அங்கே சொல்லிக் கொடுத்ததாகத்தான் இருக்கும்.

3 டிசம்பர்

'வால்வு', 'வாழ்வு' என்று இன்று நான் ஒன்று விட்டேன். சீதாராமன் மட்டும் சிரித்தார். அதுவும் அவருடைய லீவு விண்ணப்பம் என் கையில் இருந்ததால்.

26 டிசம்பர், சனி

நாராயணஸ்வாமி ஹப்சிகுடாவிலிருந்து ஸ்கூட்டரில், மனைவி ருக்மிணியோடு, கிறிஸ்மஸ் வாழ்த்துச் சொல்ல வந்துவிட்டார். நான் அழைக்கவில்லை. மெட்டில்டா போன மாதம் எங்கோ பஸ் ஸ்டாப்பில் பார்த்து அழைத்தாளாம்.

கிறிஸ்மஸ் பலகாரம், முட்டை போடாத கல்கல் என்று சொல்லி ஒரு தட்டு நிறைய வைத்தாள். அவர் நாற்காலியைத் தூக்கி வேறு பக்கமாகப் போட்டுக்கொண்டு, அவள் வகுப்புப் பிள்ளைகள் கதையை முக்கால் மணி நேரம் கேட்டார். முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ருக்மிணியம்மாள் வேறு, கணவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் முழங்கையைத் தொட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார். இந்த வயதில் என்ன கொஞ்சல்! நான் மெட்டில்டாவின் முழங்கையைப் பார்த்தேன். அவள் என்னை முறைத்தாள்.

அவர்கள் போன பிறகு ஆரம்பித்தாள்: "என்ன ஒரு பொறுமை! நான் சொன்னத எனக்கே திருப்பிச் சொல்லுதாரு. இருபத்திரெண்டு வருசத்துல நீங்க ஒரு நாளாவது நான் சொன்னத முழுசாக் கேட்டிருக்கீங்களா?"

கேட்டிருக்கிறேன் என்றேன்.

"அப்ப இப்ப என்ன சொன்னேன், சொல்லுங்க பாப்போம்."

கல்கல் தீர்ந்துவிட்டது. எனக்கென்று எடுத்து வைக்கவில்லை.

6 ஜனவரி 1982, புதன்

வித்தையை நானும் செய்து பார்ப்பதென்று தீர்மானம். ஃபைலை எடுத்துக்கொண்டு எழுந்து போய்ச் சீதாராமன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். (சீதாராமன் மூத்த குமாஸ்தா. நான் வைத்த பெயர் 'மிஸ்டர் நாளைக்கு'.) மனிதர் எழுந்து நின்றுவிட்டார். உட்காருங்கள் என்றேன். உட்காரவில்லை. விஷயத்தைச் சொன்னார். முகத்தையே பார்த்தேன். இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றேன். வேறு மாதிரி சொன்னார். இன்னொரு தடவை என்றேன். மூன்றாவதாக ஒன்று சொல்லிவிட்டு, "சார், மெமோ ஏதாவது வந்திருக்கா? நேரா சொல்லிடுங்க சார்" என்றார். மத்தியானம் வயிற்று வலி என்று வீட்டுக்குப் போய்விட்டார்.

அங்கே பால் கொடுக்கிற மாடு இங்கே உதைக்கிறது.

21 ஜனவரி, வியாழன்

எங்கள் டைப்பிஸ்டுக்குத் தங்கை கல்யாணம். அவசரமாக ஒரு ஆர்டர் போக வேண்டும். அரை நாளைக்குக் கனகமணியைக் கொடுங்கள் என்று வெட்கமில்லாமல் அந்தப் பக்கம் கேட்டேன். உடனே அனுப்பினார். (அதுகூட எரிச்சல். ஒரு 'முடியாது' சொன்னால் என்ன?)

பழைய இடத்திலேயே உட்கார்ந்தாள். எப்படித்தான் தப்பில்லாமல் அடிக்கிறாள் பார்க்கலாம் என்று பின்னால் போய் நின்றேன். முதல் பக்கத்தில் ஐந்து தப்பு. எண்ணினேன். என் மனசில் ஓடியது வெட்கக்கேடான சந்தோஷம். ஆக, அவள் மாறவில்லை. அங்கே யாரோ திருத்திக் கொடுக்கிறார்கள்! வாயைத் திறந்தேன். பெயர் நாக்கு நுனியில்.

அவள் திரும்பவில்லை. தாளை உருவி எடுத்துக்கொண்டே, மெதுவாக, "நீங்க அந்தப் பேரைச் சொல்றதுக்கு முன்னாடியே எனக்குக் கேட்டுடும் சார். அப்பதான் விரல் தப்பும்" என்றாள். "நீங்க கொஞ்சம் உங்க சீட்டுக்குப் போறீங்களா? முடிச்சுக் கொண்டுவர்றேன்."

போனேன். இருபது நிமிஷத்தில் கொண்டுவந்து வைத்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியிருக்கவில்லை.

22 ஜனவரி

'சொல்றதுக்கு முன்னாடியே கேட்டுடும்.' அட, நான் என்ன கொலையா செஞ்சேன்? ஒரு தமாஷுக்குச் சொன்னது. எல்லாரும்தான் சிரிச்சாங்க. அவளும்தான்... சிரிச்சாளா?

25 ஜனவரி, திங்கள்

முடியாத ஃபைல்களை நானே எடுத்து அடுக்கினேன். 61. அதில் 44-இல், ஓரத்தில், என் கையெழுத்தில் 'ப்ளீஸ் ஸ்பீக்'. மேனேஜர் அப்படி எழுதினால் குமாஸ்தா ஃபைலோடு வந்து நேரில் விளக்க வேண்டும். அதுதான் ஆபீஸ் வழக்கம். ஆகவே பந்து அவர்கள் பக்கம் என்று நான் நிம்மதியாக இருந்திருக்கிறேன். யாரும் வந்து பேசவில்லை.

ஒன்று ஜூலையிலிருந்து கிடக்கிறது. சீதாராமனைக் கேட்டேன், ஏன் வரவில்லை என்று.

"வந்தேன் சார். 'அடடே, நாளைக்கு வர வேண்டிய ஆள் இன்னிக்கே வந்துட்டாரே'ன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சுட்டு சீட்டுக்குப் போயிட்டேன்."

அப்புறம்?

"அப்புறம் நாளைக்கு வரலாம்னு இருந்துட்டேன் சார்."

ஜோக் நல்ல ஜோக்தான். அதுதான் வேதனை.

'பேசு' என்று எழுதுகிறவனும் நான், வாயைத் திறந்தால் அடைக்கிறவனும் நான். அந்தப் பக்கத்து ஃபைல் ஒன்று கலந்து வந்திருந்தது, புரட்டினேன். அந்த மனிதர் ஒரு இடத்தில்கூட 'ப்ளீஸ் ஸ்பீக்' எழுதவில்லை. எழுதவே மாட்டார், அவர்தான் எழுந்து போகிறாரே.

12 பிப்ரவரி

மூன்று வாரமாக நானும் எழுந்து போகிறேன். நாக்கைக் கடித்துக்கொண்டு. உண்மையாகவே கடித்ததில் நுனியில் ஒரு புண். முதல் வாரம் எல்லோரும் என்னைச் சீக்காளி மாதிரி பார்த்தார்கள். இரண்டாம் வாரம் சீதாராமன் உட்கார்ந்தபடியே பேசினார். இன்று "இல்ல சார், நீங்க சொல்றது தப்பு" என்று ஒரு வார்த்தை சொன்னார். சொல்லிவிட்டு இரண்டு பேருமே பயந்துபோனோம். அவர் சொன்னது சரி.

இன்னொரு தடவை சொல்லச் சொல்வதில் ஏதோ இருக்கிறது. இரண்டாம் தடவை சொல்லும்போது அவர்களுக்கே விடை தெரிந்துவிடுகிறது. இதை எனக்கு ஏன் அந்தப் பயிற்சிக்கு அனுப்பிச் சொல்லிக் கொடுக்கவில்லை?

5 மார்ச், வெள்ளி

பட்டியல்: கொள்முதல் ஒன்று 19. ஆமையை யாரோ அழித்திருக்கிறார்கள். கொள்முதல் இரண்டு 9.

சந்தோஷப்பட வேண்டும். படவில்லை. இரவல் சட்டை போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போன மாதிரி இருக்கிறது. "ரூஃபஸ், அசத்திட்டீங்க" என்று ஜி.எம். தோளைத் தட்டினால் எனக்குக் கேட்பது 'நாராயணஸ்வாமி, அசத்திட்டீங்க.' வெற்றியைக்கூட அவருடையதாகத்தான் அடைய வேண்டியிருக்கிறது.

18 மார்ச், வியாழன்

போச்சு.

தலைமை அவருக்குத்தான். ஜி.எம். சொல்லி முடிச்சதும் எல்லாரும் கை தட்டுனாங்க, நானும் தட்டுனேன், சத்தமாவே தட்டுனேன். என் இடம் எதுன்னு ஏப்ரல் ஒண்ணாந்தேதி சொல்லுவாங்களாம். அதுல தெரிஞ்சுக்க என்ன இருக்கு? இருக்கிறது ஒரு பீகார். கடைசி மாசமாச்சேன்னு அவர் காதுல ஒண்ணு சொன்னேன். ஜோக் இல்ல, வயித்தெரிச்சல். "எங்கிட்டயிருந்து டைப்பிஸ்டை எடுத்தீங்க, சிரிப்பை எடுத்தீங்க, பெண்டாட்டியக்கூட பாதி எடுத்துட்டீங்க, இப்ப நாற்காலியும். நல்லா இருங்க." அதுக்கும் தலையாட்டிச் சிரிச்சார். என் கையைப் பிடிச்சு அழுத்தினார். என்ன மனுஷன்யா!

மெட்டில்டாவிடம் சொன்னேன். நாற்காலி போட்டு ஏறிப் பரணிலிருந்து பழைய டிரங்குப் பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தாள். பிறகு, "அங்க நம்ம தமிழ்ச் சபை இருக்குமா?" என்றாள். முழுசாகக் கேட்டேன். தெரியாது என்றேன்.

27 மார்ச்

பட்டப்பெயர் இல்லாமல் ஒன்பது வாரம். நேற்று கான்டீனில் கனகமணியே என் எதிரில் வந்து உட்கார்ந்து, அந்த பீரோ சம்பவத்தை நான் ஆண்டு விழா நாடகத்தில் சேர்க்க வேண்டும் என்றாள். பீகாரில் ஆண்டு விழா உண்டா என்று தெரியவில்லை என்றேன். அவள் சிரித்தாள். இந்தத் தடவை நன்றாகப் பார்த்துக்கொண்டேன். சிரிப்புத்தான்.

1 ஏப்ரல் 1982, வியாழன்

காலையிலேயே பெருமாளும் நாலு ஆட்களும் பீரோக்களைச் சுவரோரம் தள்ளிவிட்டார்கள். அடியிலிருந்து கிடைத்தவை: குண்டூசி ஒரு கைப்பிடி, தேய்ந்த ரப்பர் ஏழு. கனகமணி அந்த ரப்பர்களைப் பொறுக்கித் தன் டிராயரில் போட்டுக்கொண்டாள். நான் குண்டூசிகளைப் பொறுக்கினேன்.

பதினொரு மணிக்கு நாராயணஸ்வாமி என் மேஜைக்கு வந்தார், வழக்கப்படி எழுந்து, ஒரு தாளோடு. என் இட மாற்ற உத்தரவு. படித்தேன். இன்னொரு தடவை படித்தேன். ஒருங்கிணைந்த கொள்முதல் பிரிவு, துணைத் தலைமை, ஹைதராபாத்.

"ஜி.எம். உங்களை பீகாருக்கு அனுப்பறதாத்தான் இருந்தார்" என்றார். "ரூஃபஸ் இல்லாட்டா என்னால முடியாதுன்னுட்டேன். நிஜம்தானே? ரெண்டரை வருஷமா ஒவ்வொரு மீட்டிங்கிலேயும் பக்கத்துல சாஞ்சு சாஞ்சு எனக்கு யோசனை சொல்லிண்டே இருக்கேளே. வேற யார் அப்படிச் சொல்றா?"

அப்பாடா, மனிதர் ஒருவழியாகப் பழி தீர்க்கிறார் என்று நினைத்தேன். முதன்முறையாக அவர் மேல் கொஞ்சம் மரியாதை வந்தது. முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. தேடியும் இல்லை.

ஸ்டூலை இழுத்துக்கொண்டு மேஜையைச் சுற்றி மறுபக்கம் வந்து உட்கார்ந்தார். "இனிமே கூடவே இருக்கப்போறேள். அதனால உங்ககிட்ட மட்டும் சொல்றேன். பேசறதை எப்பவும் இந்தப் பக்கமா நின்னு பேசுங்கோ. அந்தக் காது போய்ப் பன்னெண்டு வருஷம் ஆச்சு. இதுவும் பாதிதான். மீட்டிங்ல நீங்க சொன்னது ஒண்ணும் விழுந்ததில்லை. நல்லதாத்தான் இருக்கும்னு தலையை ஆட்டிடுவேன்."

அவர் தொட்டுக் காட்டியது இடது காது. ஜி.எம். அறையில் என் நாற்காலி அவருக்கு இடப்பக்கம்.